எந்த ஹெட்செட்டிலும் வலது பக்கம் பாடவில்லை

ஜூன் 3, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் பிடித்தே காய்த்துப்போன கை, பேனா அதில் நிற்க மாட்டேன் என்கிறது. ‘ழ’ போடும்போது கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்புவது போல மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். சில இடங்களில் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கும்.

என் பெயர் செங்கோடன். வயது எழுபத்தொன்று. ஊர் சங்ககிரி. லாரி டிரைவராக இருந்தேன். இந்த நான்கு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் பெயர் அங்கேயே இருக்கிறது. சிரிப்பு வந்தது.

முதியோர் வகுப்பு எடுக்கும் சகாயராணி டீச்சர்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். “மனசில் படுவதை எழுதுங்கய்யா. திருத்த மாட்டேன், வாசிக்க மட்டும்தான் செய்வேன்” என்றார். வகுப்பில் மற்றவர்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும் நின்றுவிட்டார்கள். பேங்கில் கைநாட்டு வைக்காமல் தப்பித்தால் அவர்களுக்குப் போதும். அற்ப ஆசை. நான் இந்த நோட்டு முழுவதையும் நிரப்பப் போகிறேன்.

ஜூன் 4, புதன்

பேனா கசிந்து சட்டைப் பை முழுவதும் நீலம். இப்போதெல்லாம் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

ஜூன் 5, வியாழன்

மகள் பூங்கொடி ஓசூரிலிருந்து கூப்பிட்டாள். எனக்கு இந்தப் போனை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். பழைய பாட்டு, செய்தி, கதை சொல்கிறவர்கள் எல்லாம் இதில் வருகிறார்கள். காலையில் வைத்தால் சாயங்காலம் வரை ஓடும். லாரியில் டேப் பாடாமல் நான் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை.

“ஏம்ப்பா, போனை அத்தனை சத்தமா வெக்கறீங்களாமா? அம்மாவுக்குத் தலை வலிக்குதாம்.”

“அதை அவ என்றகிட்டச் சொல்றது.”

“சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சுங்குது. என்ன பேசுனாலும் பதிலே வர்றதில்லையாம். செவுத்துகிட்டப் பேசற மாதிரி இருக்குதாம்.”

“அவ எங்க கண்ணு பேசறா? அவ பேசியே ரெண்டு வருசம் இருக்கும்.”

“எனக்கு உங்க பஞ்சாயத்து வேண்டாம்ப்பா. இருவத்திரண்டாந் தேதி ஞாயித்துக்கெழமை வந்து அம்மாவைக் கூட்டிட்டு வந்தர்றேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“இங்கயே இருக்கட்டும்ப்பா. அதுவும் சரின்னு சொல்லீருச்சு.”

பாவாயி என் மனைவி. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போனில் சத்தம் அதிகம் என்று ஒருத்தி வீட்டை விட்டுப் போகிறாள். நல்ல கதை. போனால் போகட்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரசம் யார் வைப்பது?

சத்தம்தான் குறை என்றால் வழி சுலபம். காதில் மாட்டிக்கொள்கிற ஹெட்செட் ஒன்று வாங்கிவிடுவேன். ஊரில் பையன்கள் எல்லாம் அதைச் சொருகிக்கொண்டுதான் அலைகிறார்கள். ஒருவன் காதில் ஒயர் தொங்குகிறது. ஒருவன் காதில் வெள்ளையாக ஏதோ ஒன்று பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் பஸ் வந்தாலும் திரும்ப மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் சேர வேண்டியிருக்கிறது.

ஜூன் 7, சனி

பஸ் ஸ்டாண்டில் கலாமணியின் செல்போன் கடைக்குப் போனேன். நாற்பது வயதுக்காரி, வாய் நீளம். வழியில் எல்லாப் பெயர்ப்பலகையையும் படித்துக்கொண்டே போனதால் நேரமாகிவிட்டது. இத்தனை நாள் படம் பார்த்துத் தெரிந்துகொண்ட கடைகளுக்கு இவ்வளவு மட்டமான பெயர்களா வைத்திருக்கிறார்கள்!

“வாங்க பெரியப்பா. ஒயர் வெச்சதா, கழுத்துல போடறதா, ஒயரே இல்லாததா?”

“எது நல்லாப் பாடுமோ அதைக் குடு அம்மிணி.”

“எல்லாம் பாடும். காதுக்குள்ள சரியா உக்காரோணும், அதான் விசயம். பாருங்க, மூணு அளவுல ரப்பர் இருக்குது. சின்னது, நடு, பெருசு. அடைச்சு உக்காந்தாத்தான் தபேலா சத்தம் கிண்ணுனு கேக்கும். சும்மா தொங்குனா தகர டப்பா மாதிரி இருக்கும்.”

காதுக்கு அளவு எடுத்து ரப்பர் மாட்டுகிறார்கள். செருப்புக் கடை தோற்றுப்போகும். ஒயர் வைத்ததையே எடுத்தேன். சார்ஜ் போட வேண்டியதில்லை, தொலையாது. பெட்டியில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. நான் படிக்கக் கற்றுக்கொண்டது இவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லைதான்.

ஜூன் 8, ஞாயிறு

ஹெட்செட் ஓட்டை. இடது பக்கம் அருமையாகப் பாடுகிறது. தபேலா உண்மையிலேயே கிண்ணென்று கேட்கிறது, வயலின் மண்டைக்குள் நடந்து போகிறது. வலது பக்கம் ஊமை. பெரிய ரப்பர், நடு ரப்பர், சின்ன ரப்பர் மூன்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். புதுச் சாமானை இப்படித்தான் விற்கிறார்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது பாவாயி முகம் கொடுக்கவில்லை. இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாஸ்து பார்த்துக் கட்டிய வீடு. சமையலறை அக்னி மூலையில். கிழக்குப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் அய்யன் காலத்து வழக்கம். என் நாற்காலியும் கிழக்குப் பார்த்துத்தான் கிடக்கிறது. இடது கைப்பக்கம் சன்னல், அதைத் தாண்டி பைபாஸ் ரோடு. சன்னல் திட்டில் போனை வைத்துக்கொள்வேன். வலது கைப்பக்கம் சமையலறை. நான் சாப்பிடும்போது பாவாயி அதன் படியில் உட்கார்ந்திருப்பாள். வாய் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். வெற்றிலை. புருஷனிடம் நாலு வார்த்தை பேச நேரமில்லை, வெற்றிலை மெல்ல நேரம் இருக்கிறது.

என் காதைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் ஒரு நாள் வந்து என் பக்கத்தில் உட்காரட்டும். பைபாஸில் போகிற வண்டியைப் பார்க்காமலே எத்தனை டயர், லோடு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இன்றும் சொன்னேன். கேட்க ஆள் இல்லை.

ஜூன் 9, திங்கள்

“பெரியப்பா, நீங்க இழுத்த இழுப்புல ஒயர் உள்ள அந்திருக்கும்” என்றாள் கலாமணி. லாரியையே இழுத்தவன் இந்த நூலை இழுத்தா அறுப்பேன்? ஆனால் மாற்றிக் கொடுத்துவிட்டாள், குறை சொல்ல முடியாது. இது நெக்பேண்ட். மாட்டு மணிக்கயிறு போலக் கழுத்தில் கிடக்கிறது, இரண்டு பக்கமும் காதுக்குப் போகிறது. ஒயர் வைத்ததையும் “பிரிச்சதை நான் யாருக்குங்க விக்கறது, நீங்களே வெச்சுக்கங்க” என்று கையில் திணித்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

நெக்பேண்ட். வலது பக்கம் ஊமை. நாட்டில் யோக்கியன் ஒருவனும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

மூன்றாவது. ஒயரே இல்லாதது. அந்தப் பல்லிதான். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா போல ஒரு சின்னப் பெட்டி, திறந்தால் இரண்டு கொட்டை. இந்தத் தடவை கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய் ஏமாறுவதற்கு நான் ஆள் இல்லை.

இடது காதில் பாட்டு. வலது காதில் ஒன்றுமில்லை.

“இதுவும் ஊமை அம்மிணி.”

“குடுங்க பாப்பம்.” வலது பக்கக் கொட்டையை எடுத்துத் துடைத்துத் தன் காதில் வைத்தாள். “பாடுதுங்களே!”

“உன்ற காதுல பாடும். உன்ற கடைச் சாமானாச்சே.”

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். கலாமணி சிரிக்கவில்லை. அந்த வலது கொட்டையை என் இடது காதில் வைத்தாள். பாடியது. இடது கொட்டையை என் வலது காதில் வைத்தாள். பாடவில்லை. மறுபடி மாற்றினாள். சத்தத்தைக் கூட்டினாள் போலிருக்கிறது. பக்கத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

“இப்பக் கேக்குதுங்களா பெரியப்பா?”

“என்ன கேக்குது?”

கொட்டை இரண்டையும் பெட்டிக்குள் போட்டு மூடினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “வண்டி ஓட்டறப்போ சன்னலை ஏத்தி விட மாட்டீங்களா?” என்று கேட்டாள்.

“ஏத்தி விட்டா வேர்க்காதா? முப்பத்தெட்டு வருசம் வலது பக்கக் கண்ணாடியை நான் தொட்டதே இல்லை.”

“காத்து, ஹாரன், எல்லாம் அந்தப் பக்கமேதானுங்க?”

“டிரைவர் சீட்டு அந்தப் பக்கந்தானே இருக்குது.”

“ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்தர்றீங்களா? அதுவரைக்கும் ஒத்தைக் காதுக்கு மட்டும் மாட்டறது ஒண்ணு இருக்குது, அதைத் தரட்டுங்களா?”

ஹெட்செட் விற்கிறவளுக்கு வைத்தியம் எதற்கு? ஒற்றைக் காதுக்கு வாங்கிப் போக நான் என்ன ஒற்றைக் காதனா? பல்லியையும் நெக்பேண்டையும் அவளிடமே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். திரும்பி வரும்போது பெயர்ப்பலகை எதையும் படிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மழை. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 14, சனி

தீப்பெட்டி ஒன்றை எடுத்து இடது காதோரம் ஆட்டினேன். குச்சி சத்தம் கேட்டது. வலது காதோரம் ஆட்டினேன். தீப்பெட்டியும் இப்போது மட்டமாகத்தான் செய்கிறார்கள்.

பாவாயி படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது.

ஜூன் 16, திங்கள்

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். தட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு மேற்குப் பார்த்து உட்கார்ந்தேன். காலை வெயில் கண்ணில் அடிக்கிறது, வேறு காரணம் இல்லை. இதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. போனையும் நிறுத்தினேன். இப்போது சன்னல் வலது பக்கம் போய்விட்டது. சமையலறை இடது பக்கம்.

“இதென்னுங்க புதுசா மேக்க பாத்து உக்காந்திருக்கீங்க?”

பாவாயியின் குரல். அவளுக்குக் குரல் கொஞ்சம் கரகரப்பாகிவிட்டிருக்கிறது.

“கண்ணு கூசுது” என்றேன்.

கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு சோறு போட்டாள், படியில் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. என்னைப் பார்த்துப் பேசவில்லை. தரையைப் பார்த்து, பழகிப்போனவள் மாதிரி, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

“அதிசயமா ஒரு வார்த்தை வந்துருச்சு. இனி அடுத்த தீவாளிக்குத்தான் வரும். இன்னைக்குக் கத்திரிக்காய் நல்லா இருக்குதான்னு கேட்டா மட்டும் பதில் வந்துருமா? லாரிக்குப் போனப்போ மாசத்துல நாலு நாளு வீட்டுல இருப்பாரு. அந்த நாலு நாளும் பேசித் தீத்துருவாரு. இப்ப மாசம் பூராவும் இங்கதான், பொம்மையாட்டம். சம்பந்தி வீட்டுல எழவு விழுந்தது சொன்னேன், அசையலை. முட்டி வலிக்குதுன்னு சொன்னேன், அசையலை. ஓசூர் போறேன்னு நானே எத்தனையோ வாட்டி சொல்லிப் பாத்துட்டேன். போன்னும் சொல்லலை, போகாதேன்னும் சொல்லலை. இருந்தாத்தான் என்ன, போனாத்தான் என்ன, அந்தாளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

ரசத்தில் உப்பு அதிகம். பாதியில் எழுந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் மேற்கு. இன்றும் பேசினாள். இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் வாயை மூடியதாகத் தெரியவில்லை. திட்டுவதில் அவளுக்கு இவ்வளவு திறமை இருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. “கம்பத்துல உக்காந்த ஆந்தை” என்று ஒன்று சொன்னாள். அது நான்தான்.

டீச்சர் வகுப்பில், “என்னங்கய்யா இன்னிக்கு எழுதவே இல்லை, சன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டார். எழுதுவதற்கு நிறைய இருந்தால் எழுத முடியாது என்பது டீச்சருக்கே தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

பாவாயி பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள். முன்னால் வந்து நின்று, கையால் காட்டி, ஊமைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னாள். இறக்கிக் கொடுத்தேன். சேலைகளை மடித்து அடுக்கினாள். குளிருக்குப் போர்வை வைத்தாள். ஓசூரில் குளிராம். அந்த ஊரே எனக்குப் பிடிக்காது.

அவளிடம் சொல்ல வேண்டியதை முதலில் இங்கே எழுதிப் பார்த்தேன். நன்றாக இல்லை. அடித்தேன். வேறு மாதிரி எழுதினேன். அதுவும் நன்றாக இல்லை. இந்தப் பக்கத்தில் அடித்தல் நிறைய இருக்கும், டீச்சர் அதைப் படிக்க முயற்சி செய்ய வேண்டாம்.

ஜூன் 19, வியாழன்

பின்வாசலில் பாவாயி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒயர் ஹெட்செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வலது பக்கத்தில் இருந்தாள்.

“பாவாயி. எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து உக்காரு.”

என்னவோ சொன்னாள்.

“இந்தப் பக்கம் வந்து சொல்லு. அந்தப் பக்கம் வரலை.”

முறத்தை நிறுத்திவிட்டு என் முகத்துக்கு நேராக வந்தாள். “என்ன வரலை?”

“சத்தம்.”

என் வலது காதை உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து என் வலது பக்கமே மறுபடி போனாள். குனிந்து காதோரம் வாயை வைத்தாள். மூச்சு மட்டும் பட்டது.

“இப்ப நான் என்ன சொன்னேன்?”

“ஒண்ணும் சொல்லலை. வெத்தலை மெல்லற.”

“என்ற வாயில வெத்தலை எங்க இருக்குது?” இடது பக்கம் வந்து கத்தினாள். “பல்லு டாக்டரு கூடாதுன்னு சொல்லி விட்டே ரெண்டு வருசமாச்சு! அதை உங்ககிட்டச் சொன்னேன். சோறு போட்டுட்டே சொன்னேன்!”

நான் ஹெட்செட் ஒயரை விரலில் சுற்றினேன்.

“எப்ப இருந்து?”

“யாருக்குத் தெரியும்? கலாமணி சொல்லித்தான்... அவளுக்கென்ன தெரியும், ஹெட்செட் விக்கறவ.”

“அப்ப என்றமேல கோவம் இல்லையா உங்களுக்கு?”

“எதுக்குக் கோவம்?”

“அதைத்தான் ரெண்டு வருசமா நானும் யோசிக்கறேன்! என்ன தப்புப் பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சு...” முறத்தைத் தூக்கிக் கீழே போட்டாள். உளுந்து வாசல் முழுவதும் சிதறியது. “காது கேக்கலைன்னு சொல்றதுக்கு என்ன கௌரவம் கொறையுது உங்களுக்கு? ஆந்தை!”

அழுதாள் என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை, உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்கிக்கொண்டே சொன்னேன்: “ஓசூர்ல குளுரு. உனக்கு முட்டி வலி. போகாத.”

பதில் வந்ததா என்று தெரியவில்லை. தலையைத் திருப்பி இடது காதைக் காட்டினேன்.

“சேலம் போயி காதைக் காட்டோணும். செவ்வாக்கெழமை. நானும் வருவேன். வர மாட்டேன்னு சொன்னீங்கன்னா பெட்டி கட்டுனது கட்டுனதுதான்” என்றாள்.

சரி என்றேன். பேரம் பேசுகிற நிலையில் நான் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

பாவாயி ஓசூருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், நல்ல பக்கத்தில்.

“இந்த ஞாயித்துக்கெழமை வர வேண்டாங் கண்ணு. நான் வரலை... இல்ல, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எனக்கு இங்க பேச வேண்டியது நெம்பக் கெடக்குது.”

ஜூன் 21, சனி

கெடக்குதுதான். விடிந்ததிலிருந்து பேசுகிறாள். சம்பந்தி வீட்டு எழவு முழுவதும் கேட்டேன். யார் அழுதார்கள், யார் அழுகிற மாதிரி நடித்தார்கள் எல்லாம். பக்கத்து வீட்டுக்காரன் சுவர் கட்டியது, கேஸ்காரன் எகிறியது, பூங்கொடி மாமியாரின் அலட்டல், எல்லாமே எனக்குப் புதுச் செய்தி. பாதிப் பேரைத் திட்ட வேண்டியிருந்தது, தாமதமாகத் திட்டினேன். நாற்காலி மேற்குப் பார்த்தே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். வாஸ்து சொன்னவனையும் சேர்த்துத் திட்டினாள். எனக்கும் அவனைப் பிடிக்காது.

ஹெட்செட் விஷயம் முடிந்துவிட்டது. முதலில் வாங்கிய ஒயர் வைத்ததே போதும். இடது காதுக்குப் பெரிய ரப்பர்தான் சரி. அதை மாட்டினால் தபேலா நன்றாக உட்காருகிறது. முதல் தடவை ஹெட்செட் வாங்குகிறவர்கள் பெட்டி மேல் இருக்கிற படத்தைப் பார்த்து மயங்காமல் ரப்பரைப் பார்த்து வாங்க வேண்டும். கலாமணி சொன்னதில் அது ஒன்றுதான் சரி. மத்தியானம் பாவாயி இன்னொரு பக்கத்தைத் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதுங்களா ஊமை? நல்லாப் பாடுது” என்றாள். அரைப் பாட்டுதான் கேட்டாள். அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சேலத்தில் காது டாக்டர். மெஷின் வைத்துச் சோதிப்பாராம். எழுபத்தொரு வருடம் இந்தக் காதோடு இருந்தவன் நான், அரை மணி நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? பஸ்ஸில் வலது ஓரச் சீட்டு எனக்கு, இடது பக்கம் பாவாயி. சேலம் போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு பேசப் போகிறாளோ. அதையும் அந்த டாக்டர் எவ்வளவு சுமார் என்பதையும் வரும் வாரம் எழுதுகிறேன். இப்போது அவள் கூப்பிடுகிறாள், கேட்கிறது.